சரக்கு வண்டியின் பின்கதவும் சுமை குறைக்கும் கீலும்

நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் இரயில்வேக்கும் பெரிய லாரிகளுக்கும் உள்ள இடம் யாவரும் அறிந்ததே. ஆயினும் மொத்த விற்பனைச் சந்தையிலிருந்து சில்லறைக் கடைக்கும், கிடங்கிலிருந்து கட்டட வேலை நடக்கும் இடத்திற்கும், பண்ணையிலிருந்து கூட்டுறவுச் சங்கத்திற்கும் பொருள்கள் சென்று சேரும் கடைசிச் சில கிலோமீட்டர்களில் பெரும்பாலும் ஓடுபவை சிறிய சரக்கு வண்டிகளே. 2005ஆம் ஆண்டில், 702 சி.சி. கொள்ளளவுள்ள இரட்டைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுடன், முக்கால் டன் பாரம் ஏற்றத்தக்கதாக டாட்டா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது. மூன்று சக்கர வண்டிகளையே நம்பியிருந்த சிறு வணிகர்கள் பலர் நான்கு சக்கர வண்டிக்கு மாறுவதற்கு அது வழி வகுத்தது. மஹிந்திரா நிறுவனத்தின் பொலிரோ பிக்கப், 2011ஆம் ஆண்டில் வந்த அசோக் லேலண்டின் தோஸ்த் முதலிய வண்டிகளும் இத்துறையை விரிவடையச் செய்தன.

இவ்வண்டிகளின் எஞ்சின், எரிபொருள் செலவு, சுமக்கும் திறன், கடன் வசதி ஆகியவை குறித்து நிறையப் பேசப்படுகிறது. அவற்றின் பின்கதவைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. தகட்டு எஃகால் ஆன அந்தக் கதவு, கீழ் விளிம்பில் கீல்களால் வண்டியின் தளத்தோடு பிணைக்கப்பட்டு, மேலே இருபுறமும் கொண்டிகளால் பூட்டப்படுகிறது. ஒவ்வொரு முறை சரக்கு ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதை ஒருவர் திறந்து தாழ்த்த வேண்டும். வேலை முடிந்ததும் உயர்த்திப் பூட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 20 முறை, ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால், ஆண்டொன்றுக்கு 6,000 முறை அக்கதவு தூக்கப்படுகிறது. வண்டியின் ஆயுளை 10 ஆண்டு எனக் கொண்டால் அது 60,000 முறையாகிறது. இப்பாரத்தில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்ளும் கீல் அமைப்பு ஒன்று உண்டு. அதன் இயக்கம் எளிது. அதற்குத் தேவைப்படும் எஃகும் சிறிதே. அவ்வாறிருந்தும் நம் நாட்டின் சிறிய சரக்கு வண்டிகளில் அதைக் காண்பது அரிதாக இருப்பது ஏன் என்பது ஆராயத்தக்கது.

பாரம் எங்கே பிறக்கிறது?

ஒரு கணக்குக்காக, கதவின் எடை 30 கிலோ என்றும் அதன் உயரம் அரை மீட்டர் என்றும் கொள்ளலாம். கதவு பூட்டப்பட்டுச் செங்குத்தாக நிற்கும்போது அதன் எடை முழுவதும் கீலின் மேல் நேராக இறங்குகிறது. தாங்கிப் பிடிக்க விசை எதுவும் தேவையில்லை. கதவு சாயச் சாய அதன் ஈர்ப்பு மையம் கீலை விட்டு வெளியே நகருகிறது. அந்த நகர்வுக்கு ஏற்ப, கதவைக் கீழ்நோக்கித் திருப்பும் விசை கூடுகிறது. கதவு கிடைநிலையை அடையும்போது இவ்விசை உச்சத்தை எட்டுகிறது. அப்போது கதவின் வெளி விளிம்பைப் பிடித்துத் தூக்குபவர் 15 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தர வேண்டும். பாதித் தொலைவு சாய்ந்த நிலையில், அதாவது 45 பாகையில், தேவைப்படும் விசை ஏறத்தாழ பத்தரைக் கிலோ.

15 கிலோ என்பது ஒரு பெரிய சுமையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டையைச் சுமப்பவருக்கு இது ஒரு பொருட்டா என்ற வினாவும் எழக்கூடும். ஆனால் மூட்டை முதுகோடு அல்லது தோளோடு ஒட்டிச் சுமக்கப்படுகிறது. கதவையோ, இடுப்பை முன்னோக்கி வளைத்து, கைகளை நீட்டி, உடலுக்கு அப்பாலிருந்து தூக்க வேண்டியிருக்கிறது. உடலிலிருந்து எவ்வளவு தொலைவில் ஒரு பாரம் பிடிக்கப்படுகிறதோ, அவ்வளவுக்குக் கீழ்முதுகின் தசைகளும் முள்ளெலும்பு வட்டுகளும் வருந்துகின்றன. இவ்வாறு வளைந்து தூக்குவது நாள்தோறும் பல முறை நிகழும்போது, ஒரு முறை தூக்கும் பாரத்தின் அளவை மட்டும் வைத்து அதன் விளைவை மதிப்பிட இயலாது. கொண்டியை நீக்கியதும் கைதவறிக் கதவு விழுந்தால் விரலும் முழங்காலும் அடிபடும் அபாயம் வேறு.

விசையைச் சேமித்து வைக்கும் வழிகள்

கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றத்தில் மரத்தின் ஒரு முனையில் கல்லைக் கட்டிவைக்கும் பழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது. வெறும் சாலைக் கிணற்றுக்குள் தாழ்த்தும்போது கல் மேலே எழுகிறது. நிறைந்த சாலை உயர்த்தும்போது கல் கீழிறங்கி, தூக்குபவருக்குத் துணை செய்கிறது. கதவுக்கான துணைக்கீலின் தத்துவமும் இதுவே. கதவு தாழும்போது வீணாகும் ஆற்றலை எங்கேனும் சேமித்து வைத்து, அது உயரும்போது திருப்பித் தர வேண்டும். வண்டியில் எதிர்ப்பாரமாகக் கல்லையோ இரும்பையோ கட்டினால், ஏற்றக்கூடிய சரக்கின் அளவு குறையும். ஆகவே எஃகின் மீள்தன்மை அல்லது அடைக்கப்பட்ட வாயுவின் அழுத்தம் பயன்படுத்தப்படுகிறது.

கார்களின் பின்புறக் கதவைத் தாங்கும் வாயுத் தண்டு பலரும் கண்டிருக்கக் கூடியது. ஓர் உருளைக்குள் நைட்ரஜன் வாயு உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். தண்டு உள்ளே அழுந்தும்போது வாயு மேலும் இறுகி, பின்னர் அதை வெளியே தள்ளும். சரக்கு வண்டிக்கு இதில் சில குறைகள் உண்டு. தண்டு கதவின் பக்கவாட்டில் நீண்டு நிற்பதால் சரக்கு ஏற்றும் வழியில் குறுக்கிடுகிறது. மூட்டையோ இரும்புக் கம்பியோ இடித்தால் வளைந்துவிடும். தண்டு வழுக்கும் அடைப்பில் புழுதி புகுந்தால் வாயு மெல்லக் கசிந்து வெளியேறும். வெப்பநிலை மாறினால் அதன் வலுவும் மாறும். 5 பாகை செல்சியஸ் குளிரிலும் 45 பாகை வெயிலிலும் ஒரே தண்டின் விசை ஏறத்தாழ 14 விழுக்காடு வேறுபடும். இமயமலை அடிவாரத்தின் குளிர்காலத்திலும் இராஜஸ்தானத்தின் கோடையிலும் ஓட வேண்டிய வண்டிக்கு இது சிறு வேறுபாடு அன்று.

இரண்டாவது வழி முறுக்குத் தண்டு. நீண்ட எஃகுத் தண்டு ஒன்றின் ஒரு முனையை அசையாமல் பிடித்து மறுமுனையைத் திருப்பினால், அது முறுக்கேறி, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். முறுக்கும் கோணத்திற்கு நேர்விகிதத்தில் எதிர்விசை கூடும் என்பதையும், தண்டின் தடிமனும் நீளமும் அதை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும் பிரெஞ்சு அறிஞர் கூலூம் 1784ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். 1930களில் ஐரோப்பியக் கார்களின் சக்கரத் தாங்கு அமைப்பில் இத்தண்டு இடம் பெற்றது. 1934ஆம் ஆண்டில் வெளிவந்த சித்ரோவான் காரும், பின்னர் உலகெங்கும் பரவிய ஃபோக்ஸ்வாகன் காரும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டி சரக்கு வண்டியாக மட்டுமின்றிக் குடும்ப வண்டியாகவும் பயன்படுகிறது. அங்குப் பின்கதவின் பாரம் வாங்குவோர் குறை கூறும் ஒரு பொருளாயிற்று. இந்நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் கதவின் கீழ் விளிம்பில் மறைந்திருக்கும் முறுக்குத் தண்டைத் தம் பிக்கப் வண்டிகளில் அறிமுகப்படுத்தின. தண்டின் ஒரு முனை கதவின் உட்புறத்திலும், கீலின் வழியே வெளிவரும் மறுமுனை வண்டியின் தூணிலும் பொருத்தப்படுகிறது. கதவு தாழும்போது தண்டு முறுக்கேறுகிறது. உயர்த்தும்போது முறுக்கு அவிழ்ந்து துணை செய்கிறது. வெளியே தெரிவது ஒன்றுமில்லை. சரக்கு ஏற்றும் வழியும் தடைபடுவதில்லை.

மேற்சொன்ன 30 கிலோ கதவுக்கு, கிடைநிலையில் விளிம்பில் 10 கிலோ அளவுக்குத் துணை தரும் தண்டைப் பொருத்தினால் கைக்கு எஞ்சுவது 5 கிலோ. எந்த நிலையிலும் கையின் முயற்சி ஏறத்தாழ ஆறரைக் கிலோவைத் தாண்டுவதில்லை. கதவை உயர்த்தக் கை செலவிடும் மொத்த ஆற்றல் பாதிக்கும் கீழே குறைகிறது. துணைவிசை எப்போதும் கதவின் பாரத்தைவிடக் குறைவாகவே இருக்குமாறு வைப்பது இன்றியமையாதது. இல்லையேல் கதவு தானாக எழும்பி, சரக்கு ஏற்றுபவரை இடிக்கக் கூடும்.

சுருங்கச் சுருங்க ஏறும் தகைவு

இத்தகைய தண்டுக்கு எவ்வளவு எஃகு தேவைப்படும்? 1.2 மீட்டர் நீளமுள்ள தண்டானால் அதன் விட்டம் 8.4 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதன் எடை அரைக் கிலோவுக்குச் சற்றே மிகுதி. முக்கால் டன் ஏற்றும் வண்டியில் இந்த எடை ஒரு பொருட்டன்று. கதவைத் தாழ்த்தியதும் இத்தண்டினுள் எழும் தகைவு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 44 கிலோ. நன்கு பதப்படுத்திய ஸ்பிரிங் எஃகு இதைப் பல்லாண்டு தாங்கும்.

ஆனால் வண்டியின் அகலம் முழுவதும் தண்டை நீட்ட எல்லா வண்டிகளிலும் இடம் இருப்பதில்லை. நடுவில் மூன்றாவது கீல் குறுக்கிடலாம். கதவின் கீழ் விளிம்பு மடிப்பு குறுகலாக இருக்கலாம். எனவே அமைப்பைச் சுருக்க வேண்டும் என்ற விருப்பம் எழுகிறது. அதே துணைவிசையைப் பெற்றுத் தண்டின் நீளத்தைப் பாதியாக, அதாவது 60 சென்டிமீட்டராகக் குறைத்தால் விட்டம் 7 மில்லிமீட்டராகும். தகைவோ சதுர மில்லிமீட்டருக்கு 74 கிலோவாக உயரும். மீண்டும் பாதியாக்கி 30 சென்டிமீட்டரில் அடக்கினால் தகைவு 125 கிலோவை எட்டும். ஒவ்வொரு முறை நீளம் பாதியாகும்போதும் தகைவு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கூடுகிறது.

உலோகம் ஒரே முறை தாங்கும் தகைவும் பல்லாயிரம் முறை தாங்கும் தகைவும் ஒன்றல்ல. திரும்பத் திரும்ப முறுக்குண்ணும் எஃகில், மேற்பரப்பின் சிறு கீறலிலிருந்தோ துருப்பிடித்த குழியிலிருந்தோ வெடிப்பு தொடங்கி, முன்னறிவிப்பின்றி ஒரு நாள் தண்டு முறியும். இதுவே உலோக அயர்வு எனப்படுகிறது. எனவே 60,000 முறை இயங்க வேண்டிய கீலில், சுருக்கம் என்பது விலையின்றிக் கிடைப்பதன்று. குறுகிய தண்டுக்கு உயர்தர எஃகு, கவனமான வெப்பப் பதப்படுத்தல், மேற்பரப்பைச் சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து இறுக்குதல், துருத் தடுப்புப் பூச்சு ஆகியவை வேண்டும். இடத்தில் மிச்சமானது உற்பத்திச் செலவில் திரும்பி வருகிறது.

பழக்கம் குறுக்கிடும் இடம்

அமெரிக்காவில் வெற்றி பெற்ற அமைப்பை அப்படியே இங்குக் கொண்டுவந்து பொருத்தினால் என்ன ஆகும்? அங்குப் பின்கதவு கிடைநிலையில் நிற்குமாறு இருபுறமும் கம்பி வடங்களால் தாங்கப்படுகிறது. நம் நாட்டிலோ சந்தை மேடையை ஒட்டி வண்டியைப் பின்னோக்கி நிறுத்துவதும், தளத்தின் விளிம்பு வரை ஆள் நெருங்கி நின்று மூட்டையை முதுகில் ஏற்றிக்கொள்வதும் வழக்கம். கிடைநிலையில் நீட்டி நிற்கும் கதவு இரண்டுக்கும் இடையூறாகும். ஆகவே சங்கிலியைக் கழற்றிக் கதவை முழுவதும் கீழே தொங்கவிடுகின்றனர். கதவு திரும்பும் கோணம் 90 பாகையன்று, 180 பாகை.

முறுக்குத் தண்டுக்கு இது முற்றிலும் வேறான நிலைமை. கிடைநிலையைத் தாண்டியபின் கதவின் பாரம் குறையத் தொடங்குகிறது. தண்டின் எதிர்விசையோ கோணத்தோடு கூடிக்கொண்டே போகிறது. எடுத்துக்காட்டில் கண்ட கதவு, கிடைநிலையிலிருந்து இன்னும் ஏறத்தாழ 29 பாகை இறங்கியதும் இரு விசைகளும் சமமாகி நடுவிலேயே நின்றுவிடும். வலுவாக அழுத்திக் கீழே தாழ்த்தி, கயிற்றால் கட்டிவைத்தால் தண்டின் தகைவு இரட்டிப்பாகி 88 கிலோவாகும். கயிறு அவிழும்போது விளிம்பு 20 கிலோ விசையுடன் மேல்நோக்கிப் பாயும். சுமையைக் குறைக்க வந்த சாதனம் ஆளைக் காயப்படுத்தும் சாதனமாகிவிடும். அத்தகைய கீலைத் தொழிலாளர்கள் ஒரே வாரத்தில் கழற்றி எறிந்தால் அவர்களைக் குறைகூற இயலாது.

தொழில்நுட்பத்தை இறக்குமதி செய்வதில் அடிக்கடி நேரும் பிழை இதுவே. பொருள் குறையற்றதாக இருக்கலாம்; அதைப் பயன்படுத்தும் முறை இங்கு வேறு. முறையை மாற்றிக்கொள்ளுமாறு கூலித் தொழிலாளரிடம் கூறுவதைவிட, முறைக்கு ஏற்பப் பொருளை மாற்றியமைப்பதே அறிவுடைமை.

அவ்வாறு மாற்ற வழியும் உண்டு. கீலின் அச்சில் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு வளைகோல் ஒன்றை இணைத்து, அதன் முனையிலிருந்து ஒரு கம்பியை வண்டித் தளத்தின் அடியில் படுக்கையாக வைத்த சுருள்வில்லோடு பிணைக்கலாம். கதவு திறக்கும்போது வளைகோல் கம்பியை இழுத்துச் சுருள்வில்லை அழுத்துகிறது. கதவு மூடிய நிலையில் வளைகோலும் கம்பியும் ஒரே கோட்டில் இருப்பதால் திருப்பும் விசை இல்லை. கதவு கிடைநிலையை நெருங்க நெருங்க அவ்விசை வளர்கிறது. அதைத் தாண்டித் தொங்கும் நிலையை அடையும்போது, வளைகோலும் கம்பியும் மறுபடி ஒரே கோட்டில் வந்துவிடுவதால் விசை மீண்டும் இல்லாமற் போகிறது. கதவின் பாரம் எவ்வாறு கூடிக் குறைகிறதோ, ஏறத்தாழ அவ்வாறே துணையும் கூடிக் குறைகிறது. எனவே கதவு தடையின்றித் தொங்கும். தூக்கும்போது துணையும் கிடைக்கும்.

ஒவ்வொரு பக்கமும் ஒன்றாக இரண்டு வில்கள் வைத்தால், கதவு கிடைநிலையில் இருக்கும்போது ஒவ்வொன்றும் தர வேண்டிய விசை சுமார் 64 கிலோ. ஓர் அடி நீளமுள்ள குழாய்க்குள் அத்தகைய வில் அடங்கிவிடும். ஒரு வில் பழுதடைந்தாலும் மற்றது பாதித் துணையைத் தரும். உறுப்புகள் கூடுதல், மசகிட வேண்டிய இணைப்புகள் கூடுதல் என்பவை இதன் குறைகள். கதவு திடீரென விழாமல் மெல்ல இறங்க வேண்டுமானால், பிசுபிசுப்பான எண்ணெய் அடைத்த சிறு தணிப்பான் ஒன்றையும் அச்சில் சேர்க்கலாம்.

எம்முறையாயினும் இரண்டு விதிகள் மீறக் கூடாதவை. முதலாவது, சரக்கின் பாரத்தைத் துணைக்கீல் ஒருபோதும் தாங்கக் கூடாது. 200 லிட்டர் எண்ணெய் டிரம்மை உருட்டுவதும், இருவர் ஏறி நிற்பதும் அக்கதவின் மேல்தான். அப்பாரம் கீல் ஆணிக்கும் சங்கிலிக்கும் உரியது. இரண்டாவது, துணை உறுப்பு முறிந்தால் கதவு பழைய சாதாரணக் கதவாக மாற வேண்டுமேயன்றி, கழன்று விழக் கூடாது. மழையும் சேறும் உப்புக் காற்றும் படும் இடத்தில் இருப்பதால், அடியில் நீர் வடியும் துளையும், சாலையோரப் பட்டறையில் சாதாரணச் சாவியால் கழற்றி மாற்றத்தக்க அமைப்பும் வேண்டும். கதவு மூடியிருக்கும்போது துணைவிசை கதவைத் தள்ளாதவாறு அமைப்பதும், அந்நிலையிலேயே கழற்றுமாறு தெளிவாகக் குறிப்பதும் பட்டறைத் தொழிலாளியின் பாதுகாப்புக்கு அவசியம்.

செலவு யாருக்கு, பயன் யாருக்கு?

தொழில்நுட்பம் எளிது, எஃகு அரைக் கிலோ என்றால் இக்கீல் இன்னும் பரவாதது ஏன்? விடை பொறியியலில் இல்லை, பொருளாதாரத்தில் இருக்கிறது.

வண்டியை வாங்குபவர் பெரும்பாலும் கடன் பெற்று வாங்கும் சிறு உரிமையாளர். மாதத் தவணை, எரிபொருள், டயர், காப்பீடு ஆகியவையே அவர் கணக்கில் முன்னிற்பவை. கதவைத் தூக்குபவர் பல வேளைகளில் வேறொருவர். தில்லிச் சந்தைகளில் பல்லேதார் என்றும் மராட்டியத்தில் ஹமால் என்றும் அழைக்கப்படும் சுமைதூக்கும் தொழிலாளர் அவர். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர். கதவைத் திறந்து மூடுவதற்குத் தனிக் கூலி கிடையாது. கீலின் விலையைக் கொடுப்பவருக்கு அதன் பயன் நேரடியாகச் சேருவதில்லை. பயன் பெறுபவருக்கு எந்த வண்டி வாங்குவது என்று முடிவு செய்யும் இடமில்லை. இவ்வாறு செலவும் பயனும் வெவ்வேறு கைகளில் பிரிந்து கிடக்கும்போது, சந்தை தானாகவே அப்பொருளைக் கோருவதில்லை. அமெரிக்காவில் பிக்கப்பை வாங்குபவரே பெரும்பாலும் அதன் கதவையும் தூக்குகிறார் என்பதே அங்கு அது விரைந்து பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

ஓட்டுநரே உரிமையாளராக இருக்கும்போதும் இக்கணக்கு எளிதன்று. முதுகுவலியால் இழக்கும் வேலைநாள்கள் ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து வருபவை; கீலின் விலையோ இன்றே கொடுக்க வேண்டியது. மருத்துவச் செலவும் இழந்த கூலியும் வண்டியின் வரவுசெலவுக் கணக்கில் எழுதப்படுவதில்லை. குடும்பத்தின் கணக்கில், பல வேளைகளில் கடனாக, அவை பதிவாகின்றன.

சட்டம் எண்ணாத பாரம்

கையால் சுமக்கும் பாரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற கருத்து புதியதன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் விளைவிக்கக் கூடிய அளவுக்குக் கனமான சுமையைத் தூக்கவோ நகர்த்தவோ எவரையும் அமர்த்தக் கூடாது என்று விதித்து, உச்ச அளவை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. 1967ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உச்ச எடை குறித்த 127ஆம் உடன்படிக்கையை ஏற்றது. அதனுடன் வந்த 128ஆம் பரிந்துரை, வயது வந்த ஆண் ஒருவர் தனியே சுமக்கத்தக்க உச்ச அளவை 55 கிலோவுக்கு மேற்படாமல் வைக்குமாறு கூறியது. இந்தியா அவ்வுடன்படிக்கையை 2010ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. 13 மத்தியச் சட்டங்களை ஒன்றிணைத்த 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

சுமைதூக்கும் தொழிலாளருக்கென மகாராஷ்டிரத்தில் 1969ஆம் ஆண்டில் மாத்தாடி, ஹமால் தொழிலாளர் சட்டமும், கேரளத்தில் 1978ஆம் ஆண்டில் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டமும் இயற்றப்பட்டன. கூலி, வேலைவாய்ப்பு, நலநிதி ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதில் இவை முன்னோடிகளாகும்.

இம்முயற்சிகள் பெரிதும் கருத்தில் கொண்டவை மூட்டையின் எடையும் தொழிலாளரின் கூலியுமே. பின்கதவு மூட்டையன்று, அது வண்டியின் ஓர் உறுப்பு. தூக்கப்படுவது சுமையாக இருந்தால் சட்டம் அதை எடைபோடுகிறது. தூக்கப்படுவது சாதனத்தின் உறுப்பாக இருந்தால் அது பொறியியலாரின் பொறுப்பாகக் கருதப்பட்டு எண்ணிக்கையிலிருந்து நழுவிவிடுகிறது. வண்டியை ஆராயும் பொறியாளரோ பிரேக், விளக்கு, புகை ஆகியவற்றைச் சோதிக்கிறார். இவ்விரு துறைகளுக்கும் இடையில் அந்த 15 கிலோ தங்கிவிடுகிறது.

செய்யத் தக்கவை

இதற்கெனப் பெரிய திட்டமோ பெருந்தொகை ஒதுக்கீடோ தேவையில்லை. முதற்படியாக, பின்கதவை உயர்த்தத் தேவைப்படும் விசையை அளந்து வெளியிடும் வழக்கம் வர வேண்டும். ஒரு சாதாரண வில்தராசு கொண்டே இதை அளக்கலாம். புனேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனை நிறுவனங்களுக்கு இது எளிய பணி. எரிபொருள் சிக்கனம்போல் கதவின் தூக்குவிசையும் விவரத்தாளில் இடம்பெற்றால், உற்பத்தியாளரிடையே போட்டி எழ வாய்ப்புண்டு. எஃகுக்குப் பதிலாக அலுமினியத்தைப் பயன்படுத்தியோ, தகட்டின் மடிப்புகளைத் திருத்தியோ கதவின் எடையையே குறைப்பவரும் அப்போட்டியில் வெல்லலாம்.

இரண்டாவதாக, அரசுத் துறைகளும் நகராட்சிகளும் கூட்டுறவு நிறுவனங்களும் ஏராளமான சிறிய சரக்கு வண்டிகளை வாங்குகின்றன. ஒப்பந்தப்புள்ளி விவரங்களில் தூக்குவிசைக்கு ஓர் உச்ச வரம்பைச் சேர்த்தால், ஒரு தொடக்கச் சந்தை உருவாகும். எந்த அமைப்பு என்று விதிக்காமல், எவ்வளவு விசைக்கு மேற்படக் கூடாது என்று மட்டும் விதிப்பதே முறை. அப்போதுதான் முறுக்குத் தண்டோ சுருள்வில்லோ இன்னும் எளிய வேறொன்றோ, தகுதியின் அடிப்படையில் இடம் பெறும்.

மூன்றாவதாக, இது சிறுதொழிலுக்கு ஏற்ற பொருள். ஸ்பிரிங் எஃகை வளைத்துப் பதப்படுத்தும் தொழிலும், கீலும் கொண்டியும் செய்யும் பட்டறைகளும் லூதியானா, இராஜ்கோட், கோயம்புத்தூர், புனே முதலிய மையங்களில் வேரூன்றியுள்ளன. சர்ஹிந்த், நாமக்கல் போன்ற ஊர்கள் லாரிக் கூடு கட்டுவதில் பெயர் பெற்றவை. முறுக்குத் தண்டின் அடிப்படைத் தத்துவம் யாருடைய தனியுரிமையும் அன்று. ஆயினும் குறிப்பிட்ட கீல் அமைப்புகளுக்குக் காப்புரிமை இருக்கக் கூடும். காப்புரிமையின் காலம் 20 ஆண்டு. முடிந்துபோன காப்புரிமைகளை ஆராய்ந்து அவற்றிலிருந்து பயனுள்ளவற்றை எடுத்துரைப்பதும், தகைவுக் கணக்கு, அயர்வுச் சோதனை ஆகியவற்றில் சிறு உற்பத்தியாளருக்கு வழிகாட்டுவதும் லூதியானா, அகமதாபாத் போன்ற நகரங்களில் உள்ள கருவிக்கூடங்கள் மேற்கொள்ளத்தக்க பணிகள். பொறியியல் கல்லூரி மாணவர்க்கும் இது பயனுள்ள ஆய்வுப் பொருளாகும். ஒரு முழுநாள் சந்தையில் நின்று, கதவு எத்தனை முறை, எவ்வளவு தூரம், யாரால் தூக்கப்படுகிறது என்று எண்ணிவிட்டு வரைபடப் பலகைக்குத் திரும்பும் மாணவர், 180 பாகைச் சிக்கலைத் தாமே கண்டுகொள்வார்.

வளர்ச்சி என்பது ஏற்றிய டன்களாலும் ஓடிய கிலோமீட்டர்களாலும் அளக்கப்படுகிறது, அது தவறன்று. அந்த டன்களை ஏற்றி இறக்கும் மனிதரின் உடல் எவ்வளவு காலம் உழைக்கத்தக்கதாக இருக்கிறது என்பதும் அதே கணக்கின் ஒரு பகுதியே. 55 கிலோ மூட்டைக்கு வரம்பு வகுத்த நாடு, ஆண்டுக்கு ஆறாயிரம் முறை தூக்கப்படும் 15 கிலோவையும் ஒரு முறை எடைபோட்டுப் பார்ப்பது நன்று.